சொல்லிக்கொடுத்தவள்

கல்யாணமாகி முனெம்மாவின் ஊருக்கு வந்து சேர்ந்தபோது உமாபதிக்குக் காட்டைப் பற்றி ஒன்றும் தெரியாது. சித்தூரில் மாங்கூழ் ஆலையில் பெட்டி தூக்குகிறவன். மாங்காய் சீசன் முடிந்தால் ஆலை மூடிக்கொள்ளும், அவனும் சும்மா இருப்பான். தனக்கென்று வீடு இல்லாததால் பெண்டாட்டி வீட்டிலேயே தங்கிவிட்டான்.

வேலூர் ரோட்டை விட்டு உள்ளே தள்ளி, மலையை ஒட்டி இருந்தது அந்த ஊர். முனெம்மாவின் அப்பன் காலம் வரைக்கும் அவர்களுக்குக் கூலிப் பிழைப்புதான். அவள் தலையெடுத்த பிறகு கொஞ்சம் பட்டா நிலம் வந்தது. வேர்க்கடலை போட்டாள். கடலை முற்றுகிற நேரம் பார்த்து மலையிலிருந்து பன்றிகள் இறங்கி, வயலையே உழுதுபோட்டுவிட்டுப் போயின. காவல் காத்துச் சலித்துப்போன முனெம்மா, பழைய பைக் கிளட்ச் கம்பியில் சுருக்குப் போடப் பழகினாள். அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. தப்பாக வைத்து, இடத்தை மாற்றி, மறுபடி தப்பாக வைத்து, கடைசியில் ஒரு பன்றி விழுந்தது. பாரஸ்ட் ஆபீசுக்குத் தெரிந்தால் கேஸ் என்று அவளுக்குத் தெரியும். ஆனால் ஊரில் யாரும் வாயைத் திறக்கவில்லை. எல்லா வீட்டுக்கும் ஒரு கூறு கறி போய்க்கொண்டிருந்தது.

உமாபதியும் அந்தக் கறியைத் தின்றான். தின்றுவிட்டு டீக்கடைப் பக்கம் போனால் ஆண்கள் விட மாட்டார்கள்.

"பொண்டாட்டி பன்னி புடிச்சினு வரா, மாப்ள குந்திக்கினு துன்றாரு. குடுத்துவெச்சவன்யா!"

ஒரு நாள் பாதிச் சோற்றில் எழுந்து கை கழுவினான். "எனக்கும் சொல்லிக் குடுமே. வெளிய தல காட்ட முடில."

முனெம்மாவுக்கு அவன்மேல் அப்போது ஆசை இருந்தது. மறுநாளே அழைத்துக்கொண்டு போனாள்.

மண்ணில் குளம்புத் தடம் பார்க்கச் சொல்லித்தந்தாள். விளிம்பு உதிர்ந்திருந்தால் பழசு, கூர்மையாக இருந்தால் இன்றைக்கு வந்தது. கம்பியைத் தொடுமுன் சேற்றில் கையைத் தேய்த்துக்கொள்ள வேண்டும், சோப்பு வாசம் ஆகாது. பன்றி எப்போதும் வந்த வழியாகவே வரும். வேலிக்கு அடியில் அது நுழையும் ஓட்டையைக் கண்டுபிடித்தால் முக்கால் வேட்டை முடிந்தது. குட்டிகளோடு திரிகிற தாய் இருக்கும் பக்கம் கம்பி வைக்கக் கூடாது. பொழுது விடியும்போதே போய்ப் பார்த்துவிட வேண்டும், மாட்டின உயிரை இழுத்துக்கொண்டு கிடக்க விடக் கூடாது. எல்லாவற்றையும் விட முக்கியமாக, கம்பி வைத்த இடத்துக்கு மேலே, ஆள் கண்ணுக்குப் படும் உயரத்தில் ஒரு சிவப்புத் துணி கட்ட வேண்டும்.

"பன்னி நடக்கற வழியில மன்சனும் நடப்பான்யா. அத்த மட்டும் மறந்துடாத" என்றாள்.

உமாபதி கெட்டிக்காரன்தான். இரண்டு சீசனுக்குள் அவனாகவே வைத்து அவனாகவே எடுத்தான். பிரியங்கா பிறந்த பிறகு முனெம்மா காட்டுக்குப் போவது குறைந்தது. பன்றியைக் கட்டித் தூக்கிக்கொண்டு ஊருக்குள் வருகிறவன் அவன் என்றாகிவிட்டது. 'வேட்டை உமாபதி' என்று பேர் வந்தது. எங்கே வைப்பது என்று வெகு நாள் வரைக்கும் அவளைக் கேட்டுத்தான் வைத்தான். அதை அவன் வெளியே சொல்லவில்லை, அவளும் சொல்லவில்லை. தலை நிமிர்ந்து நடக்கிறானே, நடக்கட்டும் என்று விட்டாள்.

மகள் வளர்ந்து ஸ்ரீ சிட்டியில் செல்போன் கம்பெனி வேலைக்குப் போன வருஷம், மாந்தோப்புக்காரர் வெங்கட் நாயுடு உமாபதியைக் காவலுக்கு வைத்தார். தோப்பு ஓரத்தில் போர்வெல் மோட்டார் ஒன்று இருந்தது. அதிலிருந்து வெறும் கம்பியை இழுத்து, பன்றி வரும் தடத்தில் முழங்கால் உயரத்துக்குக் கட்டி, கரண்டு விட்டான். முதல் தடவையே மூன்று பன்றிகள். அதில் ஒன்று சினை.

அன்றைக்கு டீக்கடையில் அவன் பேசியதை, கடலை விற்கப் போயிருந்த முனெம்மா தன் காதாலேயே கேட்டாள்.

"அவ இன்னா வேட்ட? கம்பிய கட்டிட்டு மாசக்கணக்குல காத்துக்கினு கெடப்பா. நான் ஸ்விச்ச போட்டன்னா மூணு. எங்கூட அவள வெச்சி பேசாதீங்கடா."

எல்லோரும் சிரித்தார்கள். அவள் கூறு போட்ட கறியைத் தின்று வளர்ந்தவர்களும் சிரித்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும் அவனை நேராகக் கேட்டாள். "செனப் பன்னிய கொன்னுட்டு பெரும பேசற. அது வேட்டையா? கரண்டு அடிச்சிது, நீ இன்னா பண்ண?"

"உனுக்கு வயித்தெரிச்சல்மே."

"ஆமா, வயித்தெரிச்சல்தான். துணியாச்சும் கட்டினியா?"

"துணி கட்டினா பாரஸ்ட்காரன் பாத்துடுவான். நாயுடு வேணான்னுட்டாரு."

"நாயுடு நட்டு வெச்ச மரத்துக்கு நீ காவலு. அந்தப் பக்கம் போற ஆளுக்கு எவன் காவலு?"

அவன் படுத்துக்கொண்டான். மறுநாள் முனெம்மா தானே போய் வேலியில் தன் பழைய புடவையைக் கிழித்துக் கட்டிவிட்டு வந்தாள். அவன் அவிழ்த்தெறிந்தான். மறுபடி கட்டினாள். அதையும் அவிழ்த்தான். மூன்றாவது தடவை அவள் போகவில்லை. கடலை பிடுங்கும் வேலை தலைக்கு மேல் கிடந்தது.

பக்கத்துக் கொல்லைக்காரன் கருப்பன். அவன் மனைவி கமலம்மாவும் முனெம்மாவும் சிறு வயதிலிருந்தே ஒன்றாகக் கூலிக்குப் போனவர்கள். ஒரு காலை, விடிந்தும் விடியாத நேரத்தில், அவிழ்த்துக்கொண்டு போன கன்றைத் தேடி கருப்பன் தோப்போரமாகப் போனான். உமாபதி ஸ்விட்சை அணைக்காமல் தூங்கிக்கொண்டிருந்தான்.

கமலம்மாவின் கூச்சல் கேட்டுத்தான் முனெம்மா ஓடினாள். கருப்பன் குப்புற விழுந்து கிடந்தான். கன்று கொஞ்சம் தள்ளி நின்று புல் மேய்ந்துகொண்டிருந்தது.

போலீஸ் வந்தபோது மோட்டாரில் கம்பி இல்லை. தனக்கு ஒன்றுமே தெரியாது என்று சொல்லிவிட்டு நாயுடு திருப்பதிக்குப் போய்விட்டார். உமாபதியை அவன் வீட்டுத் திண்ணையில் உட்கார வைத்து விசாரித்தார்கள். முதலில் அழுதான். பிறகு, வாசலில் நின்றுகொண்டிருந்த முனெம்மாவைப் பார்க்காமல், கையை மட்டும் அவள் பக்கம் நீட்டினான்.

"எனுக்கு இன்னா சார் தெரியும்? நான் பேக்டரில பொட்டி தூக்கினவன். எல்லாம் அவ சொல்லிக் குடுத்ததுதான். எங்க கட்டணும், எப்பிடிக் கட்டணும்னு அவதான் சொன்னா."

சப்-இன்ஸ்பெக்டர் அவள் பக்கம் திரும்பினார். "நுவ்வேனா நேர்ப்பிஞ்சிந்தி?" நீதான் கற்றுக்கொடுத்தாயா என்று தெலுங்கில் கேட்டார்.

முனெம்மா ஊர்க்காரர்களைப் பார்த்தாள். டீக்கடையில் சிரித்தவர்கள் எல்லோரும் அங்கே இருந்தார்கள். ஒருவர் வாயிலிருந்தும், கரண்டு வேலை அவளுடையது இல்லை என்று ஒரு சொல் வரவில்லை. நாயுடு தோப்பில்தான் அவர்களுக்கும் வேலை. கூட்டத்தில் யாரோ மட்டும், "ஆமா சார், இந்த ஊர்ல மொதல்ல பன்னி புடிச்சது இவதான்" என்றான். அத்தனை வருஷமும் அவளுக்கு யாரும் தராத பெருமை அன்றைக்குக் கிடைத்தது.

"சுருக்கு சொல்லிக் குடுத்தன் சார். கரண்டு நான் சொல்லல" என்றாள். அவர் எழுதிக்கொண்டது முதல் பாதியை மட்டும் போலிருந்தது.

இருவரையும் ஜீப்பில் ஏற்றப்போகும் நேரத்தில் கமலம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். தனக்காகப் பேசுவாள் என்று முனெம்மா ஒரு கணம் நம்பினாள்.

"நீ ஏண்டி அவனுக்கு வழி காட்டின? மில்லுல பொட்டி தூக்கிக்கினு கெடந்திருப்பான். எம் புருசன் இருந்திருப்பான்."

 புடவையைக் கிழித்துக் கட்டியதை முனெம்மா சொல்லலாம். மூன்றாவது தடவை ஏன் போகவில்லை என்று கமலம்மா கேட்டால் என்ன சொல்வது?

இரண்டு பேர்மேலும் கேஸ். ஜாமீனில் வெளியே வந்தபோது அவள் கடலைக் கொல்லையைப் பன்றிகள் முழுக்கக் கிளறிப் போட்டிருந்தன. பிரியங்கா வந்து, துணிமணியை மூட்டை கட்டி, அம்மாவை ஸ்ரீ சிட்டிப் பக்கம் தன் வாடகை அறைக்கு அழைத்துப் போனாள். அங்கே கம்பெனிப் பெண்கள் சாப்பிடும் மெஸ்ஸில் முனெம்மா வெங்காயம் உரிக்கிறாள். மகள் ஞாயிற்றுக்கிழமை மொட்டை மாடிக்குப் போய் நைனாவோடு போனில் பேசுவது அவளுக்குத் தெரியும். அதைப் பற்றிக் கேட்பதில்லை.

வாய்தா நாளில் சித்தூர் கோர்ட்டு வேப்பமரத்தடியில் உமாபதி டீயோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். இளைத்துப் போயிருந்தான்.

"நான்தான் கட்டச் சொன்னன்னு நீ ஒத்துக்கினா எனுக்கு தண்டன கொறையுமாம். வக்கீலு சொல்றாரு. பொம்பளன்னு உன்ன சீக்கிரம் உட்டுடுவாங்கமே."

முனெம்மா டீயை வாங்கவில்லை. "எங்கூட அவள வெச்சி பேசாதீங்கன்னு சொன்னவன் நீ. இப்ப மட்டும் ஏன் என்ன இழுக்கற? நீ பெரிய வேட்டக்காரன். போயி ஜட்ஜுகிட்ட சொல்லு."

அவன் எழுந்து போனான். அதைச் சொன்னதில் அவளுக்கு ஒரு சுகமும் இல்லை. அவர்கள் பேர் கூப்பிடாமலே கோர்ட்டு கலைந்தது. இன்னொரு தேதி போட்டார்கள்.

திரும்பும் பஸ்ஸில் கூட்டம். அடுத்த நிறுத்தத்தில் கமலம்மா ஏறினாள். அவளையும் சாட்சிக்குக் கூப்பிட்டிருந்தார்கள். முனெம்மாவின் பக்கத்தில் இருந்தவர் அங்கே இறங்கியதில் அந்த சீட் காலியானது. முனெம்மா பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் நகர்ந்தாள். கமலம்மா பார்த்தாள். கம்பியைப் பிடித்துக்கொண்டு, தான் இறங்க வேண்டிய இடம் வரும் வரைக்கும் நின்றுகொண்டே போனாள்.