வண்டிக்காரரின் முதுகு

பேய் என்று யாராவது ஆரம்பித்தால் எனக்குப் பயமும் வராது, சிரிப்பும் வராது, எரிச்சல்தான் வரும். வேலை வெட்டி இல்லாதவர்கள் கண்ணுக்குத்தான் பேய் படும் என்பது என் எண்ணம், இன்றைக்கும் பாதிக்கு மேல் அதே எண்ணம்தான். நான் ஐந்தாவதோடு நின்றவள், நாலு பேர் இருக்கிற இடத்தில் வாய் திறக்கவே கூச்சப்படுகிறவள். நீங்கள் நம்புவீர்கள் என்று நினைத்து இதை எழுதவில்லை. கிழவிக்குக் கண் சரியில்லை என்பீர்கள். அப்போது நான் கிழவி இல்லை, முறத்தில் அரிசியைப் பரப்பினால் கல் தானாக என் விரலுக்கு வரும், அப்படிப்பட்ட கண்.

எங்கள் காமயகவுண்டன்பட்டிக்கு வீடியோ வந்த புதுசு. மாரிச்சாமி என்று எங்கள் தெருக்காரன் ஒருவன், தோட்ட வேலை கௌரவக் குறைச்சல் என்று மதுரைக்குப் போய் ஒரு டிவியும் டெக்கும் வாங்கி வந்தான். வீட்டுக்குள்ளேயும் கூலிங்கிளாஸ் போட்டுக்கொண்டு திரிவான். சாயங்காலமானால் எங்கள் ஊரில் பல்பு பூசணிப்பூ நிறத்தில் மினுக்கும், அந்தக் கரண்டில் டெக் ஓடாது. அதனால் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், திராட்சைப் பெட்டி அடுக்குகிற கொட்டகையில், சன்னலுக்கெல்லாம் சாக்குத் தொங்கவிட்டுப் படம் போடுவான். வெளியே வெயில் கொளுத்தும், உள்ளே ஊரே வியர்வையில் ஊறிக்கொண்டு பேய்க்குக் காத்துக் கிடக்கும். அதை என்னவென்று சொல்ல.

ஏனென்றால் அவனிடம் இருந்த கேசட்டுகளிலேயே ஊருக்குப் பிடித்தது ஒரு பழைய பேய்ப்படம். கறுப்பு வெள்ளை, இருபது வருடத்துக்கு முந்தியது. வேறு படம் போட்டால் சண்டைக்கு வருவார்கள். ஒரு டாக்டர் மாட்டு வண்டியில் ஏறி மலையடிவாரத்து பங்களாவுக்குப் போகிறான், அங்கே வெள்ளைச் சேலைக்காரி ஒருத்தி அரிக்கேன் விளக்கோடு பாடிக்கொண்டு நடக்கிறாள், அவ்வளவுதான் கதை. நம்பினால் நம்புங்கள், அந்தப் பேயின் சேலை இஸ்திரி மடிப்புக் கலையாமல் இருந்தது. தலையில் ரிப்பன். செத்து நூறு வருடமானவளுக்கு ரிப்பன் கட்டிவிட்டது யாரென்று இந்த ஜனங்களில் ஒருவர் கேட்கவில்லை. மீசை வைத்த ஆம்பிளைகள் பக்கத்து ஆள் துண்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார்கள். மூடிக்கொள்ளத்தான் வருகிறீர்கள் என்றால் உங்கள் வீட்டிலேயே போர்வையைப் போட்டுக்கொண்டு படுத்திருக்கலாமே.

எங்கள் வீட்டிலிருந்து அதற்குப் போக ஒருத்தி துடித்தாள் என்றால் அது வேலுத்தாய் அக்கா. என் ஓரகத்தி, என் வீட்டுக்காரரின் அண்ணன் பெண்டாட்டி. அவளுக்குப் பேயும் வேண்டாம் பாட்டும் வேண்டாம், அந்த மாட்டு வண்டிதான் வேண்டும். வண்டி ஓட்டினது அவள் புருஷன்.

படம் எடுக்க வந்தவர்கள் வைகை அணைப் பக்கம் முகாம் போட்டு, நல்ல ஜோடி மாடு தேடி எங்கள் வீட்டு வண்டியைக் கேட்டிருக்கிறார்கள். அந்த மாடுகள் வேறு ஆள் கைக்கு அடங்காது. அதனால் மூத்தவரே தலைப்பாகை கட்டிக்கொண்டு ஓட்டியிருக்கிறார். படம் வெளியே வருவதற்குள் அவர் ஏலக்காய் எஸ்டேட்டுக்கு மலை ஏறினார், அந்த வருட மழையில் மண் சரிந்து கூலியாட்களின் குடிசைகள் போய்விட்டன. மற்றவர்களைத் தோண்டி எடுத்தார்கள். இவரை மட்டும் காணவில்லை. கொஞ்ச காலம் பார்த்துவிட்டு, பெரியவர்கள் கூடிப் பேசி அக்காவுக்குத் தாலியை இறக்கிவிட்டார்கள். உடம்பு கிடைத்திருந்தால் எங்கள் பக்கத்து வழக்கப்படி நாற்காலியில் சாய்த்து உட்காரவைத்து ஒரு போட்டோவாவது எடுத்திருப்பார்கள், அதுவும் இல்லை. படம் கம்பம் தியேட்டருக்கு வந்தபோது, தாலி இறக்கினவள் சினிமாக் கொட்டகை வாசலை மிதிக்கலாமா என்று சொல்லி அவளை விடவில்லை. நான் அந்த வீட்டுக்கு வாழ வந்தது அதற்கெல்லாம் பிறகு. அவர் முகம் எனக்குத் தெரியாது.

கேசட் வந்த சேதி கேட்டு அக்கா என்னிடம் வந்து நின்றாள்.

"ஏத்தா, நீயும் கூட வா. நான் ஒத்தையில போனா நாலு விதமாப் பேசுவாக."

"அந்தக் கருமத்தப் பாக்கவா? நான் வரல."

"அவுக மொகம் எனக்கு மறந்துபோச்சுத்தா," என்றாள். "கண்ண மூடுனா துண்டு தெரியுது, கை தெரியுது, மொகம் வர மாட்டேங்குது. ஒரு தடவ பாத்துட்டா போதும்."

போனேன். கதவோரம் ஒரு பெட்டியைக் கவிழ்த்து இரண்டு பேரும் உட்கார்ந்தோம். வண்டி வந்தது. முதுகு வந்தது. தலைப்பாகை, அதற்குக் கீழே பிடரியில் கருகருவென்று முடி, சாட்டை பிடித்த கை. டாக்டர் இறங்கினான், வண்டி திரும்பாமலே நேரே போய்விட்டது. ஒரு இடத்தில்கூட முகத்தைக் காட்டவில்லை. படம் எடுத்தவனுக்கு ரிப்பன் கட்டின பேயைக் காட்டவே நேரம் பத்தவில்லை போல.

அடுத்த வாரமும் போனோம். பக்கவாட்டிலாவது தெரியுமா என்று அக்கா கழுத்தை நீட்டி நீட்டிப் பார்த்தாள், டிவிக்குள் எட்டிப் பார்த்தால் தெரியும் என்கிற மாதிரி. மாரிச்சாமிக்கு அப்போதுதான் அறிவு பொங்கியது. கம்பத்திலிருந்து ஸ்டுடியோக்காரர் ஒருவரைக் கூட்டி வந்து, டிவியில் அந்த முதுகை நிறுத்திப் போட்டோ பிடித்துக் கொடுக்கிறேன் என்றான். அந்த ஆளும் பெரிய மேதாவி, இருட்டாக இருக்கிறதே என்று டிவிக்கு நேராக ஃபிளாஷ் அடித்தார். கழுவி வந்த போட்டோவில் நடுவில் ஒரு வெள்ளை உருண்டை, அவ்வளவுதான். இதைப் பார்த்த ஊர், பேய் போட்டோவில் விழுந்துவிட்டது என்று கற்பூரம் கொளுத்தியது. ஃபிளாஷ் வெளிச்சத்துக்குக் கற்பூரம் காட்டின ஊர் எங்கள் ஊர்.

அக்கா அழவில்லை. "இன்னும் ஒரு தடவ போவம்," என்றாள்.

மூன்றாவது தடவை நடந்ததுதான் நான் சொல்ல வந்தது.

வண்டி வந்ததும் அக்கா எழுந்து, "மாரிச்சாமி, கொஞ்சம் நிப்பாட்டுய்யா," என்றாள். அவன் பொத்தானை அமுக்கினான். படம் அப்படியே நின்றது, நின்ற படத்தில் குறுக்கே வெள்ளைக் கோடுகள் மட்டும் நடுங்கிக்கொண்டிருந்தன. பொறுக்குமா நம் ஜனத்துக்கு.

"பேயக் காட்டுன்னா மாட்டக் காட்டிக்கிட்டு இருக்கான்."

"ஏலே மாரி, மாடு பாக்க நாங்க தொழுவத்துக்குப் போக மாட்டமா? படத்தப் போடுலே."

ஒருவன் விசிலடித்தான். அக்கா டிவிக்கு முதுகைக் காட்டித் திரும்பி, கூட்டத்தைப் பார்த்துக் கையைக் கூப்பினாள். "ஒரு நிமிசம் பொறுங்கய்யா. நான் சாகுறதுக்குள்ள ஒரு தடவ பாத்துக்கிறேன்." அத்தனை பேரும் அவளைப் பார்த்தார்கள். அவளுக்காக இரண்டு பேர் பேசினார்கள், இரண்டு பேர் ஏசினார்கள், மாரிச்சாமியும் கூலிங்கிளாஸைக் கழற்றிவிட்டு அவர்களோடு மல்லுக்கு நின்றான். எனக்கு அவமானமாக இருந்தது. கூட்டத்தின் முகத்தைப் பார்க்கக் கூச்சப்பட்டு நான் டிவியையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில் டிவியைப் பார்த்தவள் நான் ஒருத்திதான்.

படம் நின்றபடி நிற்கிறது. மாட்டின் வால் பாதி தூக்கினபடி நிற்கிறது, சக்கரத்துப் புழுதி எழும்பினபடி நிற்கிறது, டாக்டரின் கை தொப்பியில் நிற்கிறது. வண்டிக்காரர் மட்டும் திரும்பினார். அவசரமே இல்லை. பின்னால் யாரோ பேர் சொல்லிக் கூப்பிட்டால் வண்டியில் இருக்கிறவர் எப்படித் திரும்பிப் பார்ப்பார், அப்படி. என்னைப் பார்க்கவில்லை. கைகூப்பி நின்ற அக்காவின் முதுகைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு அக்கா டிவிப் பக்கம் திரும்ப ஆரம்பிக்கவும் அவரும் மாட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டார். அவள் பார்க்கும்போது பழைய முதுகுதான். மாரிச்சாமி பொத்தானைத் தட்டினான், வண்டி போய்விட்டது, பேய் வந்தது, எல்லோரும் துண்டுக்குள் போனார்கள்.

நான் பெட்டியை விட்டு எழுந்துவிட்டேன். அக்கா என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கையைப் பிடித்து வெளியே கூட்டி வந்தாள். வெயில் பளீரென்று அடித்தது. வாய்க்கால் பாதையில் தென்னைமரங்களைத் தாண்டினதும் நின்றாள்.

"என்னத்தா பாத்த?"

"ஒண்ணுமில்லக்கா."

"பொய் சொல்லாத. ஒன் மொகத்துல ரத்தமே இல்ல. அவுக திரும்புனாகளா?"

ஆமென்று தலையை ஆட்டினேன்.

"எப்பிடி இருந்தாக? சொல்லு."

சொன்னேன். நீள மூக்கு, கீழுதட்டில் இடது பக்கம் ஒரு வெட்டு, ஆறின வடு. அந்த வடுவைப் பற்றி அந்த வீட்டில் யாரும் என்னிடம் ஒரு நாளும் பேசினதில்லை.

"காளங்கன்னு கொம்பு பட்டது," என்றாள் அக்கா. குனிந்து வாய்க்கால் தண்ணீரை அள்ளி முகத்தில் அடித்துக்கொண்டாள். நல்லது, முகம் கிடைத்துவிட்டது, இனி இந்தக் கூத்துக்கு வர வேண்டாம் என்று நான் நினைத்தேன்.

"முடியெல்லாம் நரைச்சுப்போச்சா அவுகளுக்கு?" என்று கேட்டாள்.

படம் எடுத்தபோது அவருக்கு முப்பது வயதுகூட ஆகியிருக்காது. முதுகு காட்டும்போதெல்லாம் பிடரி முடி கறுப்புத்தான். ஆனால் திரும்பின முகம் ஐம்பதைத் தொடுகிற முகம், மீசை வெளுத்து, கன்னம் ஒட்டி. அதைப் பற்றி நான் அக்காவிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை, சொல்லக் கூடாதென்றே விட்டிருந்தேன்.

"ஆமாக்கா," என்றேன்.

அவள் அழவில்லை, ஆச்சரியப்படவும் இல்லை. சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"செத்தவுகளுக்கு நரைக்குமாத்தா?"

அதைக் கேட்டுவிட்டு எனக்கு முன்னால் நடந்துவிட்டாள். வீட்டுக்குப் போய் அடுப்பு மூட்டினாள். அதுவரை மாதந்தோறும் அவருக்குப் போட்டு வந்த படையல் இலையை அந்த அமாவாசைக்குப் போடவில்லை, அதற்கப்புறம் எந்த அமாவாசைக்கும் போடவில்லை. அக்கா போய்ச் சேர்ந்து வெகுகாலமாகிவிட்டது, அந்த வெள்ளைச் சேலைப் பேயை இன்றைக்குக் காட்டினாலும் நான் கொட்டாவிதான் விடுவேன். ஆனால் அமாவாசைக்கு அக்காவுக்கு இலை போடும்போது அவருக்கு மட்டும் நானும் போடுவதில்லை.