அண்ணி குத்தின நீலக் குண்டூசி

எங்க அண்ணிக்கு ஆஸ்பத்திரி லேப்ல வேலை. சளி இருமல், பீடி இருமல், மாமியார் உள்ள வர்றப்ப மருமகளுக்கு வர்ற இருமல், எல்லாத்தையும் கண்ணை மூடிக்கிட்டே பிரிச்சுச் சொல்லுவாங்க. ஆனா காதை நம்பி ஒரு எழுத்து எழுத மாட்டாங்க. மூக்குக்குள்ள நீளமா ஒரு குச்சியை விட்டு, அதுல ஒட்டினதை மெஷின்ல வெச்சுப் பாத்தாத்தான் ஒத்துக்குவாங்க. அந்தக் குச்சி பிடரி வழியா எட்டிப் பாத்து வணக்கம் சொல்லும்னு வெளிய பரப்பி வெச்சது நான்தான்.

அவங்க துரத்துறது கக்குவான் இருமல் கிருமியை. பெரியவங்களுக்கு அது வெறும் இருமலாத் தெரியும். தடுப்பூசி போடுற வயசு வராத பச்சைக் குழந்தைக்கு ஒட்டுச்சுன்னா மூச்சே நின்னு போகும். லேப் சுவத்துல ஊர்ப் படம் தொங்குது. குழந்தைக்கு வந்தா அந்த வீட்டு மேல சிவப்புக் குண்டூசி. ஒட்டவிட்ட பெரியவரைப் பிடிச்சா, பக்கத்துலயே நீலம். சிவப்பு குத்துற அன்னிக்கு அண்ணி வீட்ல சரியா சாப்பிட மாட்டாங்க.

இவங்களுக்குப் புருஷனா வாய்ச்சவரு எங்க அண்ணன். ரெண்டு வாரமா இருமல். அவரு இருமினா தெருமுனையில நிக்கிற பஸ், டிரைவர் ஏறாமலே கிளம்பிடும். கேட்டா தூசியாம். மகளுக்குக் குழந்தை பொறந்து, அதைத் தூக்கிட்டு வீட்டுக்கு வர்ற நேரம். டெஸ்ட் பண்ணாம பேத்தி வாசப்படி மிதிக்காதுன்னு அண்ணி சொல்லிட்டாங்க.

குச்சின்னா அண்ணனுக்கு உசுரே போயிடும். அதனால இருமல் வந்தா பாத்ரூமுக்குள்ள ஓடி, குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்துல இருமுவாரு. ஒருநா மாடித் தொட்டியே காலி. குழாய் நின்னுச்சு, இருமல் நிக்கல. கதவைத் திறந்தா எதிர்ல அண்ணி, கையில குச்சி.

என் மூக்கைக் கடனாக் கேட்டு என்னைப் பரிதாபமாப் பாத்தாரு. நான் சிரிப்பை அடக்கிக்கிட்டு கூரையைப் பாத்தேன்.

"பேத்தியைப் பாக்க மூக்கைக் குடுக்கணுமாடி?"

"பின்ன, அவ மூச்சைக் குடுக்கச் சொல்றீங்களா?" அண்ணி குச்சியைக் கீழ இறக்கல. "இந்த வாரம் ஒரு சிவப்பு குத்திட்டு வந்திருக்கேங்க. நம்ம வீட்டு மேல என்னால குத்த முடியாது."

அண்ணன் வெளிய வந்தாரு. ஸ்டூல்ல உக்காந்து, தலையை அண்ணாந்து, என் கையைப் பிடிச்சுக்கிட்டாரு. பிடிச்ச பிடியில என் விரல் அஞ்சும் ஒண்ணாச் சேர்ந்துடுச்சு.

கிருமி இருக்குன்னு ரிசல்ட் வந்துச்சு. மகளை மாமியார் வீட்லயே இருக்கச் சொல்லிட்டாங்க. டாக்டர் எங்க எல்லாருக்குமே மாத்திரை எழுதினாரு. சிரிச்ச பாவத்துக்கு எனக்கும் குச்சி ஏறுச்சு. பிடரி வழியா வரலைங்க, அது நான் விட்ட கதை.

மாத்திரை முடிஞ்சதும் டாக்டர் சரின்னாரு, குழந்தை வந்துச்சு. கடைஞ்செடுத்த வெண்ணெய் மாதிரி. மடியில வெச்சுக்கிட்டு, மூச்சு விடவே பயந்து உக்காந்திருந்தாரு அண்ணன்.

லேப் படத்துல எங்க வீட்டு மேல இப்ப ஒரு நீலக் குண்டூசி. பக்கத்துல சிவப்பு இல்லாத நீலம் அது ஒண்ணுதான். அண்ணன் அதை ஆள் கூட்டிட்டுப் போயிக் காட்டுறாரு, ஏதோ மெடல் வாங்கின மாதிரி.