பழையபோன்காரி

போன் கம்பெனியின் சர்வீஸ் சென்டரில், கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு ஒரே பதிலை விதவிதமாகச் சொல்வதுதான் அவள் வேலை. இந்த மாடலுக்கு இனிமேல் அப்டேட் வராதுங்க, புதுசு பார்த்துக்கோங்க. சிலர் சண்டை போடுவார்கள். சிலர் போனைத் துடைத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, ஏதோ தாங்கள்தான் தப்பு செய்துவிட்ட மாதிரி தலையைக் குனிந்தபடி போவார்கள். இரண்டாவது ரகத்தைப் பார்க்கும்போதுதான் அவளுக்கு மனசு கேட்காது. போன் நன்றாகவே இருக்கும். திரையில் கீறல்கூட இருக்காது. உள்ளே ஓடுகிற மென்பொருள் பழசாகிவிட்டது என்பதற்காக முழுப் போனையும் தூக்கிப் போடச் சொல்வது, சட்டை அழுக்கானதற்காக ஆளை மாற்றச் சொல்வது போல இருந்தது.

அவளுடைய சொந்தப் போனுக்கும் ஒருநாள் அந்த கதி வந்தது. எங்கெங்கோ இருக்கிறவர்கள் சேர்ந்து எழுதி இலவசமாகக் கொடுக்கும் ஃபர்ம்வேரை, அதாவது போனை ஓட்டும் அடிப்படை மென்பொருளை, இணையத்தில் தேடிப் பிடித்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, சமையலறை மேசையில் லேப்டாப்பையும் போனையும் கேபிளால் கோத்துவிட்டு, அடுப்பில் வைத்ததைக்கூட மறந்து உட்கார்ந்திருந்தாள். திரை கறுத்து, ஒரு வட்டம் மட்டும் சுற்றிக்கொண்டே இருந்தது. பிறகு போன் விழித்துக்கொண்டது, வாங்கிய அன்றைக்கு இருந்ததைவிடச் சுறுசுறுப்பாக. கூடவே இருந்த நாத்தனார், கருகிய பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டே கிண்டல் செய்தாள்.

"அண்ணி, சம்பளம் குடுக்கற இடத்துலயே கன்னம் வைக்கறீங்க. நடத்துங்க."

அதற்கப்புறம் அவளால் சும்மா இருக்க முடியவில்லை. பழைய போன்களைப் பற்றிப் பேசுகிற ஒரு இணையக் குழுவில் 'பழையபோன்காரி' என்ற பெயரில் எழுத ஆரம்பித்தாள். முதல்முறை செய்கிறவர்களுக்காகவே ஒரு வழிகாட்டி. அதில் மிரட்டல் கிடையாது, வாயில் நுழையாத சொற்கள் கிடையாது. பேட்டரியை நிரப்பிக்கொள்ளுங்கள், படங்களைப் பத்திரமாக வேறு இடத்தில் எடுத்து வையுங்கள், மாடல் எண்ணை எழுத்து விடாமல் சரிபாருங்கள். பூட்லோடர் என்பது கம்பெனி போட்டு வைத்திருக்கும் பூட்டு, அதைத் திறந்தால்தான் உள்ளே போக முடியும். 'வாடகை வீட்டில்தான் ஆணி அடிக்கக் கேட்க வேண்டும். இது உங்கள் சொந்த வீடு. பயப்படாமல் கதவைத் திறங்கள்' என்று முடித்திருந்தாள். படித்தவர்கள் செய்தார்கள். முடித்ததும் படம் எடுத்துப் போட்டார்கள். பஸ்ஸில் வேலைக்குப் போகும் வழியில் அவற்றைப் பார்த்தால், அன்றைக்குக் கவுண்டரில் சொல்லப்போகிற பதில் கொஞ்சம் லேசாகிவிடும்.

மதியச் சாப்பாட்டு நேரம் முடிந்து கூட்டம் குறைந்திருந்த ஒருநாள், கவுண்டருக்கு ஒரு பேக்கரிக்காரர் வந்தார். ஐம்பதைத் தாண்டியவர். முழங்கையில் மாவு ஒட்டியிருந்தது. போனை ஒரு துணியில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். பட்டனை அழுத்தினால் சிவப்பு எழுத்தில் ஒரு எச்சரிக்கை வரும், அணைந்துவிடும். திரும்ப அழுத்தினால் திரும்ப அதேதான்.

என்ன செய்தீர்கள் என்று அவள் கேட்டாள். அவர் ஒளிக்காமல் சொன்னார். அவர் மனைவிக்குச் சர்க்கரை வியாதி. சர்க்கரை இறங்குவது அவளுக்கு முன்கூட்டித் தெரியாது, நின்ற இடத்திலேயே சாய்ந்துவிடுவாள். கையில் ஒட்டியிருக்கும், சர்க்கரையை அளக்கும் சின்ன சென்சார் இந்தப் போனில் இருக்கும் ஆப்புக்குச் சொல்லும், போன் கத்தும். போன மாதம் அந்த ஆப், உங்கள் போன் பழசு, இனி இதில் ஓடமாட்டேன் என்று சொல்லிவிட்டது. பேக்கரியில் வாங்கும் சம்பளத்தில் புதுசு வாங்குகிற நிலைமை இல்லை. அதனால்தான் படித்துப் பார்த்துத் தானே செய்தார்.

"இன்டர்நெட்ல ஒருத்தங்க எழுதியிருந்தாங்கம்மா. பழையபோன்காரின்னு பேரு. சின்னப் புள்ளைக்குச் சொல்ற மாதிரி எழுதியிருந்தாங்க, அதான் தைரியம் வந்துச்சு. போன் நல்லாத்தான் எழுந்திரிச்சுது. ஆப்ப ஏத்தறதுக்கு முன்னாடி, தொறந்த வீட்டப் பூட்டணும் இல்லையான்னு அந்தப் பூட்ட நானே திரும்பப் போட்டேன். அதோட போச்சு."

வேறு ஃபர்ம்வேரைப் போட்டபின் பூட்லோடரைத் திரும்பப் பூட்டவே கூடாது. பூட்டினால் போன் உள்ளே இருப்பதை அந்நியமாக நினைத்து எழுந்திருக்காது. இது அவளுக்கு நன்றாகவே தெரியும். வழிகாட்டியில் முதலில் எழுதியும் இருந்தாள். புதிதாக வருகிறவர்கள் மிரண்டு ஓடிவிடுவார்கள் என்று நினைத்து அந்த ஒரு வரியை எடுத்து, இன்னொரு பக்கத்துக்குத் தள்ளிவிட்டாள்.

கொஞ்சம் இருங்கள் என்று சொல்லிவிட்டுப் போனோடு பின்பக்கம் போனாள். அங்கே ரிப்பேர் பார்ப்பவனை எல்லோரும் 'ஸ்க்ரூ' என்றுதான் கூப்பிடுவார்கள். அவன் போனைப் பார்த்ததுமே தெரிந்துகொண்டான். தன் கம்ப்யூட்டரில் இருக்கும் கம்பெனி டூலைப் போட்டால் பேச்சு முடிவதற்குள் சரியாகிவிடும் என்றான். அவள் முகம் மலர்ந்தது. அவன் தலையை ஆட்டினான்.

"ஆனா போட முடியாதுக்கா. ஒவ்வொரு லாகினும் ஹெட் ஆபீஸ் போகுது, போனோட நம்பரோட. சாஃப்ட்வேர் மாத்தின போன்னா அங்கயே தடுத்துடும், என் பேரும் மாட்டும். என் மச்சான் போனுக்கே போட்டுப் பாத்து வாங்கிக் கட்டிக்கிட்டேன்."

மேலாளரிடம் போனாள். மேலாளர் கெட்டவர் இல்லை. அவள் சொன்னதை முழுக்கக் கேட்டார். நோயாளி என்றதும் பேனாவைக் கீழே வைத்தார். ஹெட் ஆபீசுக்குப் போன் போட்டும் பேசினார். மறுமுனையில் இருந்தவர், அவள் கவுண்டரில் சொல்கிற அதே குரலில் அதே மாதிரி ஒரு பதிலைச் சொல்வது ரிசீவரைத் தாண்டிக் கேட்டது. "எனக்கு மேலயும் ஆள் இருக்காங்கம்மா" என்றார் மேலாளர், போனை வைத்துவிட்டு.

அவள் திரும்பி வந்து, எதுவும் செய்ய முடியாதுங்க என்றாள். பேக்கரிக்காரர் தலையசைத்தார். போனைத் துணியில் சுற்றினார். நன்றி சொன்னார். அந்த நன்றியில்தான் அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. கவுண்டரில் 'சற்று நேரத்தில் வருகிறோம்' பலகையை நிறுத்திவிட்டு வெளியே ஓடினாள். பஸ் ஸ்டாப்பில் அவர் நின்றுகொண்டிருந்தார்.

"அண்ணே, அத எழுதினது நான்தான். பூட்டக் கூடாதுங்கறத நான் அதுல சொல்லல."

அவர் அவளையும், அவள் கழுத்தில் தொங்கிய கம்பெனி அட்டையையும் மாறிமாறிப் பார்த்தார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் அவளுக்குப் பரவாயில்லாமல் இருந்திருக்கும். அவள் தன் போனை எடுத்து அவர் கையில் திணித்தாள். இதில் புது ஃபர்ம்வேர் இருக்கிறது, ஆப் இதில் ஏறும், வைத்துக்கொள்ளுங்கள் என்றாள். வேண்டாம் என்றவரை விடவில்லை. அங்கேயே நின்று ஆப்பை இறக்கினாள். அது இறங்கியது, திறந்தது, ஒரு நொடி யோசித்தது. 'இந்தச் சாதனம் மாற்றப்பட்டுள்ளது. உங்கள் பாதுகாப்பைக் கருதி இது இயங்காது' என்று சொல்லிவிட்டு மூடிக்கொண்டது. அவள் அழித்துவிட்டு மறுபடி ஏற்றினாள். மறுபடியும் அதேதான். பூட்டுத் திறந்த போன்களில் சில ஆப்கள் இப்படி முரண்டு பிடிக்கும் என்று கேள்விப்பட்டிருக்கிறாள். பாட்டுக் கேட்பதற்கும் படம் எடுப்பதற்கும் பயன்படுத்தியவள், இதை யோசித்ததே இல்லை.

"அப்போ நான் சரியாச் செஞ்சிருந்தாலும் இந்த ஆப் ஓடியிருக்காதா?" என்று கேட்டார் அவர்.

"ஓடியிருக்காதுண்ணே."

அவர் பெருமூச்சு விட்டார். "நல்லவேளை. நான் அவசரப்பட்டுக் கெடுத்துட்டேன்னு ரெண்டு நாளா அவ முகத்தப் பாக்க முடியல."

பஸ் வந்தது. அவர் ஏறிப் போனார். போகும்முன் பேக்கரி எங்கே இருக்கிறது என்று மட்டும் அவள் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் வீட்டில் சாப்பாடு இறங்கவில்லை. புருஷனுடைய போனைக் கேட்டாள். அவன் வேலை பார்க்கும் அச்சகத்தின் ஷிப்ட் செய்தியெல்லாம் அதில்தான் வரும், ஆனாலும் அவன் மறுபேச்சுப் பேசாமல் நீட்டினான். பார்த்தால் அது இன்னும் பழைய மாடல். நாத்தனார் போன், ஆப் ஓடும் போன்களின் பட்டியலிலேயே இல்லை. வீடு முழுக்கப் போன், ஒன்றுக்கும் உதவவில்லை. ஆப் கம்பெனிக்கு நீளமாக எழுதினாள். 'உங்கள் கருத்து எங்களுக்கு மிக முக்கியம்' என்று உடனே பதில் வந்தது. அதோடு சரி. பூட்டக் கூடாது என்ற வரியை வழிகாட்டிக்குத் திரும்பக் கொண்டுவந்து, எல்லாவற்றுக்கும் மேலே தடித்த எழுத்தில் போட்டாள். ஆப்கள் ஓடாமல் போகலாம் என்பதையும் சேர்த்தாள். குழுவில் ஒருவர், இப்படிப் பூச்சாண்டி காட்டினால் யார் முயற்சி செய்வார்கள் என்று கேட்டார். அவள் அந்த வரியை அப்படியே விட்டாள்.

ஒருநாள் வேலை முடிந்து பேக்கரிக்குப் போனாள். பேக்கரி முதலாளி, தன் மகன் பயன்படுத்தாமல் வைத்திருந்த போனை அந்த வாரம்தான் கொடுத்திருந்தார், ஆப் ஓடுகிறது என்றார் பேக்கரிக்காரர். அதற்கு முந்தைய வாரம் மனைவி குளியலறையில் விழுந்துவிட்டாள். பக்கத்து வீட்டுக்காரி சத்தம் கேட்டு வந்து வாயில் சர்க்கரையைப் போட்டிருக்கிறாள். நெற்றியில் தையல்.

"இப்போ நல்லா இருக்கா. உங்களப் பத்திச் சொன்னேன். பாவம் அந்தப் பொண்ணு, எவ்வளவு அலைஞ்சிருக்குன்னு அவ சொன்னா" என்றார், ரொட்டித் தட்டை அடுப்புக்குள் தள்ளியபடி.

ஒரு ரொட்டி வாங்கிக்கொண்டு வெளியே வந்தாள்.

பஸ் ஸ்டாப்பில் நின்று போனைத் திறந்தபோது குழுவில் புதிதாக ஒரு படம் வந்திருந்தது. யாரோ முதல்முறை செய்தவர். பழைய போனில் புதிய திரை பளிச்சென்று இருந்தது. 'உங்களைப் படித்துத்தான் துணிந்தேன் அக்கா' என்று கீழே எழுதியிருந்தார். மேலே தடித்த எழுத்தில் போட்டதை அவர் படித்தாரா, அந்தப் போனை நம்பி வீட்டில் என்ன இருக்கிறது, ஒன்றும் தெரியவில்லை. 'ரொம்ப சந்தோஷம். பூட்டைத் திரும்பப் போடாதீங்க. உங்களுக்கு முக்கியமான ஆப் எல்லாம் ஓடுதா, பாத்தீங்களா?' என்று தட்டி அனுப்பினாள்.

அந்த ஆள் குழுவிலிருந்து அதற்குள் வெளியே போயிருந்தார். ஒரு பஸ் வந்தது. அவள் ஏறவில்லை, திரையைப் பார்த்தபடியே நின்றாள்.