மாப்பிள்ளை இல்லாத தட்டு

தொண்ணூறுகளின் கடைசியில், மலேசியாவின் ஈஜோக்கிலிருந்து இரண்டு பஸ் மாறி ஓர் ஆய்வுக்கூடத்துக்கு வேலைக்குப் போனேன். கண்ணாடித் தட்டுகளைக் கழுவி, ஈஸ்ட் வளர்வதற்கான கூழைக் காய்ச்சி ஊற்ற வேண்டும். தற்காலிக வேலைதான். ஆராய்ச்சியை நடத்தும் டாக்டர் கையெழுத்துப் போட்டால் நிரந்தரம். எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தில் உதிரிப் பழம் பொறுக்கியே முதுகு போன எனக்கு அந்தக் கையெழுத்துதான் எல்லாம்.

டாக்டர் புக்கிட் ரோத்தான் பக்கம் தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்து, வெளிநாட்டில் படித்துவிட்டு வந்த பெண். என்னைவிட இளையவர். "அக்கா, அக்கா" என்று எல்லாவற்றையும் விளக்குவார். ரொட்டி மாவை உப்ப வைக்கும் அதே ஈஸ்டின் மரபணுவை மாற்றி, அதற்குள் செம்பனையின் இரண்டு புரதங்களை விட்டிருந்தார். ஒரு சுவிட்சை இரண்டாக வெட்டி ஆளுக்குப் பாதி கட்டிவிட்ட மாதிரி. இரண்டும் கைகோத்தால் சுவிட்ச் சேரும், ஈஸ்ட் நீலமாகும். பொண்ணு, மாப்பிள்ளை என்றுதான் நான் புரிந்துகொண்டேன். டாக்டரும் சிரித்துவிட்டு அப்படியே சொல்லத் தொடங்கினார்.

தட்டு நீலமானது. படம் எடுத்தார்கள், கேக் வெட்டினார்கள். ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு தட்டில் பொண்ணை மட்டும் விட்டிருந்தார்கள். அது வெள்ளையாகவே இருக்க வேண்டும், இருந்தது. இரண்டு நாள் கழித்துக் கழுவ எடுத்தேன். அதுவும் நீலம்!

அன்று பார்த்துத் தலைமை அதிகாரி வந்திருந்தார், அவரும் தமிழர்தான். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தேனா?

"என்னா டாக்டர், மாப்பிள்ளை இன்னும் வரவே இல்ல, பொண்ணு கழுத்துல தாலி ஏறிருச்சே!"

எல்லாரும் சிரித்தார்கள். தலைமை அதிகாரி மட்டும் சிரிப்பை நிறுத்தி, தட்டை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். "அப்ப அந்தக் கல்யாணமும் பொய்யா?" என்று டாக்டரைக் கேட்டார்.

டாக்டர் முகம் கறுத்தது. "அக்கா ரெண்டையும் கலந்திருப்பாங்க சார்."

நான் ஈஸ்டைத் தொட்டதே இல்லை. வெறும் கூழ் ஊற்றுகிறவள். மற்ற தட்டுகளை எடுத்துக்கொண்டு கழுவப் போனேன்.

டாக்டர் எல்லாவற்றையும் புதிதாகச் செய்து பார்த்தார். மாத முடிவில் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"நீங்க சொன்னது சரிதான் அக்கா. அந்தப் புரதம் தனியாவே சுவிட்சப் போட்டுருது. ஆனா அத்தன பேரு முன்னாலயா சொல்லுவாங்க?"

"அப்ப எம் வேல?"

"நீங்க கலந்துட்டீங்கன்னு மேல எழுதிக் குடுத்துட்டேன்லா. இனிமே எப்படி மாத்தறது?"

மறுவாரம் மறுபடி செம்பனை மரத்தடியில் குனிந்தேன். முதுகு வலி பழகிப்போனது. உண்மை தெரிந்த பிறகும் ஒரு காகிதத்தைத் திருத்தாத அந்தக் கையை மட்டும் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.