ஜனவரியில் ஏசி

பர் துபாயில் படம் முடிந்து லிஃப்ட்டில் இறங்குகிறோம். மனைவியைக் கணவன் அடித்தே கொல்கிற கதை, நாவலிலிருந்து எடுத்தது.

"அவ ஏன் கத்தவே இல்ல? லாஜிக்கே இல்லாத படம்," என்கிறாள் தோழி வித்யா.

"நாவல்லயும் அப்படித்தானாம்," என்று சிரிக்கிறார் அவள் கணவர். "ஒரு சத்தம் போட்டிருந்தா பக்கத்து ஃபிளாட்காரன் ஓடி வந்திருப்பான்."

லிஃப்ட்டின் விசிறி இரைகிறது. அந்தச் சத்தத்தில் எனக்கு மறுபடி எட்டு வயது.

இதே பர் துபாயில்தான் எங்கள் ஒற்றை அறை ஃபிளாட். அப்பாவின் குரல் உயர்ந்ததும் அம்மா முதலில் ஜன்னல் ஏசியைப் போடுவாள். ஜனவரிக் குளிரிலும் போடுவாள். அந்த இரைச்சலில் எங்கள் வீட்டுச் சத்தம் சுவரைத் தாண்டாது. ஏசியின் தூசி நாற்றம் என் போர்வைக்குள்ளும் வரும்.

"போலீஸ் வந்தா அப்பாவுக்கு வேலை போயிடும்டி. நம்ம விசா அவர் கையிலதான்," என்பாள் பிறகு, உதட்டு ரத்தத்தைத் துடைத்துக்கொண்டே.

ஒருநாள் பக்கத்து ஃபிளாட் ஆன்ட்டி லிஃப்ட்டில் கேட்டார்: "இந்தக் குளிர்ல எதுக்கும்மா ஏசி?"

அம்மா சிரித்தாள். "அவருக்குப் புழுங்குதாம்."

ஆன்ட்டி குனிந்து என் முகத்தையே பார்த்தார். "அப்படியா செல்லம்?"

தலையாட்டினேன்.

"நீ சொல்லு, அவ கத்தியிருக்கலாம்ல?" வித்யா என் தோளைத் தட்டுகிறாள்.

லிஃப்ட் இன்னும் இறங்கிக்கொண்டிருக்கிறது. இப்போதும் தலையாட்டுகிறேன்.