யாருக்குப் பின்னே?

அக்காவின் மாதிரிக் கட்டுரை பயிற்சி மையத்திலிருந்து திரும்பி வந்தபோது, பத்தி தவறாமல் சிவப்பு வட்டம் இருந்தது. எல்லா வட்டத்துக்குள்ளும் ஒரே சொல்: பின்னே. அடியில் சார் ஒரு கேள்வி மட்டும் எழுதியிருந்தார்: ‘யாருக்குப் பின்னே?’ சார் மதுரைக்காரர். நான் விழுந்து விழுந்து சிரித்தேன்.

எங்கள் மார்த்தாண்டம் பக்கம் அந்தச் சொல் இல்லாமல் பேச்சு நகராது. ‘அப்புறம்’ என்பதற்கும் பின்னே, ‘இல்லாவிட்டால்’ என்பதற்கும் பின்னே, ஆமாம் என்று அழுத்திச் சொல்லவும் பின்னேதான். அக்காவுக்கோ சென்னையில் இதழியல் படிக்க ஆசை. அதற்கான நுழைவுத் தேர்வில் தமிழ்க் கட்டுரைக்குத்தான் பாதி மதிப்பெண்; முந்தின வருஷம் அதில்தான் கோட்டை விட்டிருந்தாள். அப்பா முடிவாகச் சொல்லிவிட்டார்: “இந்தத் தடவ கெடச்சா போ மக்ளே. இல்லேன்னா இங்கனயே பி.காம். சேரு. பின்ன பேச்சில்ல.” அப்பாவுக்கும் ஒரு வட்டம் போடலாமே என்றேன். அக்கா தலையணையை எறிந்தாள்.

சாலையை அகலப்படுத்த மரங்களை வெட்டலாமா என்பது தலைப்பு. வட்டமிட்ட சொற்களை எல்லாம் அடித்துவிட்டு வாசித்துப் பார்த்தாள். பத்திகள், கல்யாண வீட்டில் முகம் கொடுத்துப் பேசாத சொந்தக்காரர்கள் மாதிரி தனித்தனியாக நின்றன. களியக்காவிளை நெரிசலிலிருந்து திடீரென்று மழைக்குப் போனாள், மழையிலிருந்து ஆம்புலன்சுக்கு. “ஏட்டி, இது கட்டுரையா, சந்தையா?” என்று தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள்.

எனக்குக் கட்டுரையைப் பற்றி ஒன்றும் தெரியாது. வம்புக்குத்தான் கேட்டேன். “எக்கா, இந்தப் பின்னேக்கு என்ன அர்த்தம்?”

“அதனாலன்னு.”

“இதுக்கு?”

“ஆனாலும்னு.”

மூன்றாவதற்குத் திணறினாள். எந்த அர்த்தமும் ஒட்டவில்லை. அந்தப் பத்தி அங்கே இருக்கவே வேண்டாம் என்பது அப்போதுதான் அவளுக்குப் பிடிபட்டது. அதிலிருந்த ஆம்புலன்ஸைத் தூக்கி முதல் பத்தியில் வைத்தாள். கட்டுரை நடக்க ஆரம்பித்துவிட்டது. அதன்பிறகு எந்தத் தலைப்பானாலும் முதலில் தாராளமாகப் பின்னே போட்டே எழுதுவாள். ஒவ்வொன்றாக நான் கேட்பேன். பதில் வந்தால் அந்தப் பதிலையே அங்கே எழுதுவாள். வராத பத்திக்கு இடமாற்றம். அக்காவைக் குறுக்கு விசாரணை செய்ய எந்தத் தங்கைக்கு இப்படி வாய்க்கும்? தேர்வு நெருங்க நெருங்க அவளைவிட நான்தான் உற்சாகமாக இருந்தேன்.

இடம் கிடைத்தது. பி.காம். பேச்சே எடுக்காதவர் போல அப்பா தெருவெல்லாம் லட்டு கொடுத்தார். இரணியல் ஸ்டேஷனில் பெட்டிகளை ஏற்றி, ஜன்னல் வழியாகத் தண்ணீர் பாட்டிலை நீட்டி, கையாட்டி முடிந்தது. வண்டி நகர்ந்த பிறகுதான் எனக்கு உறைத்தது: இத்தனை நாள் நான் பாடுபட்டது அவளை வீட்டைவிட்டு அனுப்பத்தான். பிளாட்பாரத்தில் நின்று ஓவென்று அழுதேன். அப்பா வாங்கித் தந்த வடையையும் அழுதுகொண்டேதான் தின்றேன்.

அவளோ, நாகர்கோவில் வருமுன்பே தூங்கிவிட்டாளாம்.