ஐப்பசி மழையில் ஒரு சோலார் பரீட்சை: பூம்புகார்ப் பக்கம் மூன்று நாள்

சோலார் கருவி வைக்க இடம் பார்க்க வாருங்கள் என்று கூப்பிடுகிறவர்கள் எல்லோரும் சித்திரை, வைகாசியில்தான் கூப்பிடுவார்கள். அந்த வெயிலில் எந்தப் பேனலை வைத்தாலும் வேலை செய்யும். அதைப் பார்க்க நான் எதற்கு? பூம்புகாருக்குத் தெற்கே ஒரு மீனவ ஊரிலிருந்து போன மே மாதம் அழைப்பு வந்தபோது, "ஐப்பசில நல்லா மழை புடிச்சதும் கூப்பிடுங்க, வரேன்" என்று சொல்லிவிட்டேன். இந்தம்மாவுக்கு மறை கழண்டுவிட்டது என்று நினைத்திருப்பார்கள். இருந்தாலும் மழை பிடித்ததும் மறக்காமல் கூப்பிட்டார்கள். மின்சாரம் எட்டாத இடத்தில் நெட்வொர்க் கருவி வைக்கப் போகிறவர்களுக்கு உதவட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

தஞ்சாவூரில் இருந்துகொண்டு இந்த வேலையைத்தான் பல வருடங்களாகச் செய்கிறேன். சாமான்கள் இருந்ததால் குட்டியானை எனப்படும் சின்னச் சரக்கு வண்டி ஒன்றைப் பிடித்தேன். போக வர, அங்கே தங்குவது எல்லாம் சேர்த்து ஏழாயிரத்து ஐந்நூறு. டிரைவர் சேகர் பேனலைத் தூக்கி வைக்கும்போதே ஆரம்பித்துவிட்டார்.

"மழைல சோலாரா மேடம்? மார்கழில ஐஸ் விக்கப் போற மாதிரில்ல இருக்கு."

"ஐஸ் விக்குதான்னு பாத்துட்டு வருவோம், எடுங்க வண்டிய" என்றேன்.

தஞ்சாவூரிலிருந்து கும்பகோணம் நாற்பது கிலோமீட்டர். கும்பகோணம் போனால் காபி குடிக்க வேண்டும் என்று எல்லோரும் எழுதுகிறார்கள். நாங்கள் டீ குடித்தோம், நன்றாகத்தான் இருந்தது. மயிலாடுதுறை தாண்டியதும் இரண்டு பக்கமும் சம்பா நடவு முடிந்த வயல்கள். வரப்பு தெரியாத அளவுக்குத் தண்ணீர். பிளாஸ்டிக் தாளைத் தலையோடு போர்த்திக்கொண்டு பெண்கள் களை எடுத்துக்கொண்டிருந்தார்கள். மழையில் சாலை சில இடங்களில் அரித்திருந்தது, ஆகவே நூறு கிலோமீட்டருக்கு நான்கு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.

சுனாமிக்குப் பிறகு ஊர் உள்ளே தள்ளிக் குடியேறிவிட்டது. கடலுக்குப் பக்கத்தில், உப்பனாற்றுக்கு அந்தப் பக்கம், வெறும் மணல் திட்டுதான். அங்கே மின்கம்பம் கிடையாது. ஆனால் கடலில் இருக்கும் படகுகளின் வாக்கிடாக்கி பேச்சு எட்டுவது அந்தத் திட்டில்தான். அங்கே ஒரு கம்பம் நட்டு, கருவி வைத்து, பேச்சை வாங்கி ஊருக்குள் இருக்கும் மீனவர் கூடத்துக்கு அனுப்ப வேண்டும். கூடத்தில் மைக்கைப் பிடித்து உட்கார்ந்திருப்பவர் செல்வி. அவருடைய கணவர் குமரேசன் விசைப்படகில் தொழிலுக்குப் போகிறவர்.

"போன கார்த்திகைல அங்க இருந்த பழைய கருவி நாலு நாளு செத்துப் போச்சுக்கா" என்று நாங்கள் போய்ச் சேர்ந்ததுமே செல்வி சொன்னார். "அன்னிக்குன்னு பாத்து அவரு போட்டுல இஞ்சின் நின்னுடுச்சு. அங்கேருந்து கத்தியிருக்காரு, இங்க எனக்கு ஒண்ணுமே கேக்கல. ராத்திரி முழுக்கத் தண்ணில கெடந்து, பக்கத்து ஊரு போட்டுக்காரங்க கயிறு போட்டு இழுத்துட்டு வந்தாங்க. இந்த வருசமும் அப்டி ஆச்சுன்னா நான் இந்த மைக்கத் தொட மாட்டேன்."

ஊர்ப் பஞ்சாயத்துத் தலைவர் மதியழகன், கடை ஒன்றிலிருந்து வந்து திட்டில் நின்றிருந்த புதுக் கருவியைப் பெருமையோடு காட்டினார். நான்கு பெரிய பேனல், இன்வெர்ட்டர், கேமரா, ஒலிபெருக்கி என்று ஒரு கல்யாணச் சீர்வரிசையே இருந்தது. பிடித்தால் ஊர்ப் பொதுப் பணத்தில் வாங்குவதாகப் பேச்சு. என்னுடையது ஒரு சின்னப் பெட்டி, இரண்டு பேனல்.

"என்ன மேடம், டிபன் டப்பா மாதிரி இருக்கு?" என்றார் தலைவர். "எங்களோடத ரெண்டு மாசம் ஓட்டிப் பாத்துட்டோம். ஒரு நாளு கூட நிக்கல."

"எந்த ரெண்டு மாசம்?"

"தடைக்காலத்துலதான். அப்பதானே ஆளுங்க சும்மா இருப்பாங்க."

எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. ஏப்ரல் நடுவிலிருந்து ஜூன் நடுப்பகுதிவரை மீன்பிடித் தடை. விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. படகுக்குப் பெயிண்ட் அடிப்பது, வலை சரிசெய்வது, வீட்டுக்கு ஓடு மாற்றுவது எல்லாமே அப்போதுதான். அதே வழக்கத்தில் சோலார் கருவியையும் அப்போதே சோதித்துவிடுகிறார்கள். வருடத்திலேயே வெயில் அதிகமான மாதங்கள் அவை. அதைவிடப் பெரிய விஷயம், கடலில் படகே இல்லை என்பதால் யாரும் பேசுவதில்லை. இந்தக் கருவி சும்மா இருக்கும்போது கொஞ்சமாகத்தான் மின்சாரம் எடுக்கும், பேச்சை அனுப்பும்போது பல மடங்கு எடுக்கும். கட்டிப்போட்ட மாட்டைப் பார்த்து வண்டி எவ்வளவு தூரம் இழுக்கும் என்று சொன்ன மாதிரிதான். போன வருடமும் தடைக்காலத்தில் பாஸ் ஆன கருவிதான் கார்த்திகையில் செத்திருக்கிறது.

விளக்கிச் சொன்னேன். தலைவர் பிடிவாதக்காரர் இல்லை. "சரி, ரெண்டையும் ஓட்டுங்க, பாப்போம்" என்றார். என் பெட்டியையும் திட்டில் அதன் பக்கத்திலேயே வைத்தோம். படகுகளில் பாதி பெரிய கருவியின் சேனலிலும், மீதி என்னுடைய சேனலிலும் பேசுவது என்று முடிவாயிற்று. குமரேசனின் படகு பெரிய கருவியின் பக்கம் போனது.

முதல் நாள் வானம் அவ்வப்போது வெளுத்தது, இரண்டும் ஓடின. இரண்டாம் நாள் சூரியன் முகத்தையே காட்டவில்லை. உப்பனாற்றைக் கடந்து திட்டுக்குப் போய்ப் பார்த்தேன். பெரிய கருவியின் இன்வெர்ட்டர், யார் பேசினாலும் பேசாவிட்டாலும், தன் பங்குக்குப் பேட்டரியைத் தின்றுகொண்டிருந்தது. யாரும் பார்க்காத கேமரா இருட்டு மழையைப் படம் பிடித்துக்கொண்டிருந்தது. வாங்கும்போது இதைத்தான் கேளுங்கள்: சும்மா இருக்கும்போது எவ்வளவு எடுக்கும்? பேட்டரியிலிருந்து நேராக ஓடுமா, இன்வெர்ட்டர் வேண்டுமா? நேராக ஓடாத கருவி எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

மூன்றாம் நாள் காலை நான் கூடத்துக்குப் போனபோது செல்வியின் முகம் வெளிறியிருந்தது. பெரிய கருவி நின்றுவிட்டது. படகுகள் விடியலுக்கு முன்பே போயிருந்தன.

"அவரு அந்த சேனல்லதான்க்கா இருக்காரு" என்றார். "இது செத்தது அவருக்கு எப்டித் தெரியும்?"

செல்வி என் சேனலில் மற்றப் படகுகளைக் கூப்பிட்டு, "குமரேசன் போட்டப் பாத்தா சேனல மாத்தச் சொல்லுங்க" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். யாரும் பார்த்ததாகச் சொல்லவில்லை. குமரேசன் படகு தவிர மற்றவை ஒவ்வொன்றாக மாறிவிட, அத்தனை பேச்சும் இப்போது என் பெட்டி வழியாக மட்டும்தான் போனது. அதன் பேட்டரி கால் பங்குக்கு இறங்கிவிட்டதை போனில் பார்த்தேன். என் கணக்கில் மூன்று நாள் தாங்கும்தான், ஆனால் பாதிப் படகுகள் பேசும் கணக்கு அது.

சேகரையும் தலைவரையும் கூட்டிக்கொண்டு மழையோடு திட்டுக்கு ஓடினேன். பெரிய கருவியில் இன்வெர்ட்டரும் கேமராவும்தான் மோசம், பேனல்கள் நல்லவை. மேகத்துக்குள்ளும் பேனல் கொஞ்சம் கொடுக்கும். நான்கு பெரிய பேனல் கொடுக்கும் கொஞ்சம், என் இரண்டு கொடுப்பதைவிட நிறைய. பேனல் மின்சாரத்தை அளவாகப் பேட்டரிக்கு அனுப்பும் என் சார்ஜ் கன்ட்ரோலர் அந்த வோல்ட்டைத் தாங்கும் என்று பார்த்துவிட்டு, அந்தப் பேனல்களின் வயரைக் கழற்றி என் பெட்டியில் இணைத்தேன். தலைவர் தார்ப்பாயைப் பிடித்துக்கொண்டு நின்றார். உப்புக் காற்றில் ஆறே மாதத்தில் போல்ட் துருப்பிடித்து, ஒரு போல்ட் கையோடு உடைந்து வந்தது. கடலோரத்துக்குத் துருப்பிடிக்காத எஃகு போல்ட் மட்டும்தான், சொல்லிவிட்டேன்.

பேட்டரி இறங்குவது நின்றது. அரை மணி கழித்து ஒரு புள்ளி ஏறியது. தலைவர் என் பெட்டியைத் தட்டிக் கொடுத்தார்.

"பெரிய பேனலு, சின்னக் கருவி. கேமராவையும் இன்வெர்ட்டரையும் திருப்பி அனுப்பிடுவோம் மேடம். பேச்சு வந்தாப் போதும்."

நாங்கள் கூடத்துக்குத் திரும்பியபோது செல்வி இன்னமும் மைக்கில்தான் இருந்தார். தொண்டை கட்டியிருந்தது. நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். அப்போது ஸ்பீக்கர் கரகரத்தது.

"செல்வி... கேக்குதா? அந்தச் சேனல்ல ஆளே இல்ல, அதான் இதுக்கு மாத்துனேன். சோறு ஆக்கிட்டியா?"

செல்வி வெடித்தார்.

"காலைலேருந்து உசுரக் கையில புடிச்சிட்டு உக்காந்திருக்கேன், சோறு கேக்குறீங்களா? பேட்டரி எறங்குது, மொதல்ல மைக்க வைங்க!"

அவரும் வைக்கவில்லை, இவரும் வைக்கவில்லை. என்ன குழம்பு, வலையில் என்ன மீன், எப்போது கரை சேர்வார் என்று பேச்சு நீண்டுகொண்டே போனது. சேகர் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார். நான் போனில் பேட்டரி அளவைப் பார்க்க எடுத்து, பார்க்காமலே உள்ளே வைத்துவிட்டேன்.

போக நினைப்பவர்களுக்கு: மயிலாடுதுறையில் தங்குங்கள், பூம்புகாருக்கு அடிக்கடி பேருந்து உண்டு. உப்பனாற்றைக் கடக்கப் படகுக்கு ஐம்பது ரூபாய். மாற்றுத் துணி இரண்டு செட் எடுத்துக்கொள்ளுங்கள். கருவியை ஐப்பசி, கார்த்திகையில், படகுகள் கடலில் இருக்கும்போது சோதியுங்கள். பேட்டரிக்குக் கணக்குப் போடும்போது ஆபத்துக்குக் கூப்பிடுகிற கூப்பாட்டுக்கு மட்டும் போடாதீர்கள், சோறு ஆக்கியாச்சா என்று கேட்கிற பேச்சுக்கும் சேர்த்துப் போடுங்கள்.